1987-88 ரஞ்சி கிரிக்கெட் இறுதிப் போட்டி: ஸ்கோர் அட்டை யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. 1987-88 ரஞ்சிக் கோப்பை இறுதிப் போட்டியில் வாசுதேவன் தலைமையிலான தமிழ்நாடு, சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை இன்னிங்ஸ் மற்றும் 144 ரன் வித்தியாசத்தில் வென்றது. 1954-55-இல் மெட்ராஸ் என்ற பெயரில் இந்தூரில் ஹோல்கர் அணியை வென்றதற்குப் பிறகு கிடைத்த கோப்பை அதுதான். அப்புறம் எத்தனை முறை இறுதிப் போட்டிக்குப் போனோம், என்ன ஆனது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

அந்தப் போட்டியை அப்பா நேரில் பார்த்திருக்கிறார். மறுநாள் பேப்பரில் வந்த ஸ்கோரை வெட்டி, சோற்றுப் பசை தடவி நோட்டில் ஒட்டியும் வைத்திருந்தார். பசைக்கு ஆசைப்பட்டு பூச்சி சரியாக நடுவில் அரித்துவிட்டது. தமிழ்நாட்டு பேட்டிங்கில் நான்காவது பெயரிலிருந்து கீழே வெறும் ஓட்டை. பந்துவீச்சுக் கணக்கும் பாதி போச்சு.

இணையத்தில் எண்கள் கிடைக்கும், தெரியும். எனக்கு வேண்டியது அன்றைய தமிழ்ப் பேப்பர் பக்கம், அல்லது கோப்பையோடு அணி நிற்கும் படம். பழைய கட்டிங் சேர்ப்பவர்கள் யாராவது இருந்தால் போனில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். மங்கலாக இருந்தாலும் சரி. பிரிண்ட் போட்டு அதே நோட்டில் ஒட்ட வேண்டும், இந்த முறை பெவிகால்தான்.