கையில் தங்கிவிட்ட கால்

சிறு வயதில் நான் செய்த ஒரு தவறு இது. புல்லில் அமர்ந்திருந்த வெட்டுக்கிளியின் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினேன். ஓர் உதறல்தான், பூச்சி போய்விட்டது, கால் மட்டும் என் விரல்களுக்கிடையே இருந்தது. நான்தான் பிய்த்துவிட்டேன் என்று நெடுநாள் வருந்தினேன். அதுவே கழற்றிவிட்டுத் தப்பியது என்பது பின்னால்தான் தெரிந்தது. தொடையின் அடியில் அதற்கென்றே ஒரு முறிவிடம் உண்டு. அங்கே கழன்றால் காயம் விரைவில் அடைபட்டுவிடும். ஆனால் பல்லியின் வால்போல் அந்தக் கால் மறுபடி வளர்வதில்லை. இதை அறிந்தபோது வருத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை.

எப்பேர்ப்பட்ட கால் அது! தசையின் வலுவால் மட்டும் அவ்வளவு விரைவாக உதைக்க முடியாது. குதிப்பதற்கு முன்பே காலை மடக்கிப் பூட்டிக்கொள்கிறது. பருத்த தொடைத்தசை மெல்ல இறுகி, முழங்காலில் உள்ள பிறை வடிவத் தகடுகளை வில்லாக வளைக்கிறது. பூட்டு விலகியதும் வில் நிமிர்கிறது. நாம் காண்பது அந்தக் கடைசிக் கணத்தை மட்டுமே.

மறுமொழி: நான் பார்த்தது ஒரு வெட்டுக்கிளி முழுப் பூச்சியாகும் கடைசித் தோலுரிப்பு. தலைகீழாகத் தொங்கியது. காற்றை விழுங்கி உப்பியதில் முதுகுத் தோல் பிளந்தது. நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் நின்றேன். வெளியே வந்த இறக்கைகள் கசங்கிய துணிபோல் இருந்தன. உடல்நீர் பாயப் பாய மெல்ல விரிந்தன. உரிந்த சட்டையை எடுத்துப் பார்த்தால் உள்ளே வெண்ணிற நூலிழைகள்! மூச்சுக்குழல்களின் உள்தோலும் சேர்ந்தே உரிந்திருக்கிறது. வெட்டுக்கிளி மூச்சுவிடுவது வாயால் அல்ல. பக்கவாட்டில் பத்து இணைத் துளைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து கிளைக்கும் குழல்களே ஆக்சிஜனை உறுப்புகளுக்கு நேராகக் கொண்டுசெல்கின்றன. அந்த வேலை அதன் இரத்தத்துக்கு இல்லை. ஓய்வாக இருக்கும் ஒன்றை அசையாமல் கவனியுங்கள், வயிறு ஏறி இறங்குவது தெரியும்.

மறுமொழி: அந்த வயிற்றில்தான் காதும் இருக்கிறது. தொடையின் உட்புறத்தை முன்னிறக்கையில் தேய்த்துப் பாடும் ஓர் ஆண் வெட்டுக்கிளியை ஒலிப்பதிவு செய்யக் காத்திருந்தபோது, அது இறக்கையைச் சற்றே தூக்கியது. வயிற்றின் முதல் வளையத்தில், பளபளக்கும் மெல்லிய சவ்வு. தலையில் தேடியிருந்தால் கண்டிருக்கவே மாட்டேன்.

முதலில் எழுதியவன்: சவ்வை நேரில் பார்த்த உங்களுக்கு வாய்த்தது பெரும்பேறு. ஒற்றைப் பின்னங்காலோடு புல் மேயும் ஒன்றைக் காணும்போதெல்லாம், மற்றக் கால் பறவைக்குப் போனதா, இன்னொரு சிறுவனின் கையிலா என்று நின்று பார்க்கிறேன்.