'ஆஸ்' எங்கே வந்தாலும் மகள் 'கொம்' என்று எழுதுகிறாள் – எப்படி விளங்கப்படுத்துவது?

பொபினி அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மகள் இங்கே பிரான்சில் கொலேஜில் (நடுநிலைப் பள்ளியில்) காத்ரியேம், அதாவது நம் எட்டாம் வகுப்பு போன்றது, படிக்கிறாள். வீட்டில் தமிழ், வெளியில் பிரெஞ்சு. ஆங்கிலத்தில் ஏ, எஸ் என்ற இரண்டெழுத்துச் சொல்லைக் கண்டாலே, பிரெஞ்சில் 'போல' என்பதற்கு வரும் 'கொம்' என்று மொழிபெயர்த்துவிடுகிறாள். ஆங்கிலத்தில் எழுதும்போது 'கொம்' வரும் இடமெல்லாம் 'லைக்' போடுகிறாள். 'மை ஆன்ட் வொர்க்ஸ் லைக் எ நர்ஸ்' என்ற வரிக்கு டீச்சர் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். பிழை என்று எனக்குத் தெரிகிறது. ஏன் பிழை என்று பிரெஞ்சு வழியாகச் சொல்லிக்கொடுக்கத்தான் வழி தெரியவில்லை. யாராவது உதவுங்கள்.

புதுவை வாத்தியார்:
அம்மா, அந்த வேறுபாடு அவள் பேசும் பிரெஞ்சிலேயே இருக்கிறது. 'எல் த்ரவாய் கொம் ஆன்ஃபிர்மியேர்' என்றால் அவர் தொழிலே நர்ஸ். 'கொம் யுன் ஆன்ஃபிர்மியேர்' என்றால் நர்ஸைப் போல வேலை செய்கிறார், அவ்வளவுதான். நடுவில் 'ஒரு' என்று பொருள்படும் 'யுன்' வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் 'எ' வந்தே தீரும். அதனால் வேறுபாட்டைக் காட்டும் வேலை அதற்கு முன்னால் உள்ள சொல்லுக்குப் போய்விடுகிறது: தொழிலுக்கு ஆஸ், ஒப்புமைக்கு லைக்.

உங்கள் மகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் இது பளிச்சென்று தெரியும். 'நர்ஸாக வேலை செய்கிறார்', 'நர்ஸ் போல வேலை செய்கிறார்'. வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். தொழில், பொறுப்பு, பதவியைச் சொல்லும் 'ஆக' வந்தால் பெரும்பாலும் ஆஸ் போடலாம். பிரெஞ்சில் 'ஆன் தான் க' ('என்ற முறையில்') என்று மாற்ற முடிந்தாலும் அதே முடிவுதான்.

பொபினி அம்மா:
மிக்க நன்றி ஐயா, 'ஆக', 'போல' என்றதும் உடனே பிடித்துக்கொண்டாள். இப்போது அடுத்த கேள்வி கேட்கிறாள். 'ஆஸ் டால் ஆஸ் மை பிரதர்' என்பதில் இரண்டு ஆஸ் இருக்கிறதே, இதில் எது கொம்?

துலூஸ் தம்பி:
அக்கா, இரண்டுமே கொம் இல்லை. முதல் ஆஸ் 'ஒஸ்ஸி', இரண்டாவது 'க': 'ஒஸ்ஸி க்ரான் க மோன் ஃப்ரேர்'. இங்கே பிள்ளைகள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. 'ப்ளு க்ரான் க' ('அவரைவிட உயரம்') என்பதிலும் அதே 'க'தான், ஆனால் அங்கே 'தான்' என்ற ஆங்கிலச் சொல் வரும். அதனால் 'ஆஸ் டால் தான்' என்று எழுதிவிடுவார்கள். முன்னால் ஆஸ் இருந்தால் பின்னாலும் ஆஸ்தான், அதில் மாற்றமே இல்லை.

இந்த ஆஸ், 'ஆல்சோ' இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். பேசிப் பேசித் தேய்ந்து இரண்டெழுத்தாகிவிட்டது. பிரெஞ்சு 'ஒஸ்ஸி'யும் 'கூட' என்ற பொருளையும் 'அதே அளவு' என்ற பொருளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைக்கு மறக்காது.

புதுவை வாத்தியார்:
தம்பி சொன்னது சரி. மகளின் 'கொம்' பொருந்தும் இடமும் இருக்கிறது, அதை அவளிடம் சொல்லுங்கள், பாவம். 'ஆஸ் இட் வாஸ் ரெய்னிங்' என்று காரணம் சொல்லி வாக்கியம் தொடங்கினால் 'கொம் இல் ப்ளவே' அப்படியே சரி. 'ஆஸ் யூ நோ' என்பதற்கும் கொம்தான்.

'ஆஸ் சூன் ஆஸ்' வந்தால் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பிரெஞ்சில் 'தே கில் அரிவ்ரா' என்று எதிர்காலம் வரும். அதைப் பார்த்து ஆங்கிலத்தில் 'ஆஸ் சூன் ஆஸ் ஹீ வில் அரைவ்' என்று எழுதினால் பிழை. 'ஆஸ் சூன் ஆஸ் ஹீ அரைவ்ஸ்' என்று நிகழ்காலமே போட வேண்டும். தமிழிலும் 'நாளைக்கு அவர் வந்தவுடன்' என்கிறோமே தவிர, வருவாரோ என்னமோ என்று எதிர்காலத்தை அங்கே வைப்பதில்லை.

பொபினி அம்மா:
இவ்வளவும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிட்டாள். இன்னும் ஒன்றே ஒன்று. பாடப் பயிற்சியில் 'ஆஸ் ஆஃப் மன்டே' என்று இருக்கிறது. 'திங்கட்கிழமை போல' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

துலூஸ் தம்பி:
'ஆ பர்த்திர் து லன்தி' அக்கா. திங்கட்கிழமை முதல். கூடவே 'ஆஸ் ஃபோர் மீ' வந்தால் 'கான் தா முவா', அதாவது என்னைப் பொறுத்தவரை. இந்த இரண்டையும் பிரித்துப் பொருள் பார்க்க வேண்டாம், முழுதாக மனப்பாடம் செய்யட்டும்.