சென்னை–திருச்சி: ஸ்கிரிப்ட்ல கோர்ஸ் 147 வருது, தூரம் மட்டும் சரி. எங்க தப்பு?

மீனம்பாக்கம்_25:
உபுண்டுல பாஷ் (கட்டளை ஷெல்), ஆக் (உரையைப் படிச்சுக் கணக்குப் போடற மொழி) ரெண்டையும் வெச்சு, விமானத்துக்கு நேவ்லாக், அதாவது பயணத் திட்டத் தாள் போடற ஸ்கிரிப்ட் எழுதியிருக்கேன். சென்னை 125939வ 0801015கி (பாகை, நிமிஷம், விநாடி சேர்த்து எழுதினது; வ வடக்கு, கி கிழக்கு), திருச்சி 104555வ 0784235கி. ட்ரூ ஏர்ஸ்பீடு (காற்றுக்குள்ள விமானத்தோட வேகம்) 110 நாட், காற்று 270/20 (270 பாகைலேருந்து 20 நாட்), எரிபொருள் மணிக்கு 32 லிட்டர்.

கிடைக்கிற விடை: தூரம் 159 நாட்டிகல் மைல், கோர்ஸ் (போக வேண்டிய திசை) 147, ஹெட்டிங் (விமான மூக்கு காட்டற திசை) 156, கிரவுண்ட் ஸ்பீடு (தரை மேல வேகம்) 119.6, நேரம் 1:20. வேற பிளானர்ல அதே 159தான், ஆனா கோர்ஸ் 213, நேரம் 1:38. ட்ரிஃப்ட் திருத்தம் (காற்று தள்ளறதை ஈடுகட்டத் திருப்பறது) ரெண்டுலயும் வலப்பக்கம் 9 பாகை. அப்போ கோர்ஸ் சூத்திரம், காற்று சூத்திரம் ரெண்டும் தப்பா?

இன்னொண்ணு. 080, 078ன்னு வந்தா பாஷ் "வேல்யூ டூ கிரேட் ஃபார் பேஸ்"னு கத்துது. முன்னாடி இருக்கற சுழியத்தைக் கையால எடுத்துட்டு ஓட்டறேன். கோயம்புத்தூருக்கு (110148வ 0770236கி) அந்தப் பிழையே வரல, ஆனா தூரம் ஆயிரத்துக்கு மேல காட்டுது!

திரிகோணம்:
காற்றுச் சூத்திரத்தைத் தொடாதீங்க, அது சரியாத்தான் இருக்கு. 360லேருந்து 213ஐக் கழிச்சுப் பாருங்க, 147. உங்க கோர்ஸ் வடக்கு–தெற்குக் கோட்டுக்கு அந்தப்பக்கம் கவிழ்ந்திருக்கு. 213ல போனா செங்கல்பட்டு பக்கமா நிலத்து மேல போவீங்க. 147ன்னா ஈ.சி.ஆரைத் தாண்டி வங்காள விரிகுடா.

சூத்திரத்தை ஏதோ அமெரிக்கத் தொகுப்புலேருந்து எடுத்திருப்பீங்க. அங்க பழைய வழக்கப்படி மேற்குத் தீர்க்கரேகையை நேர்க்குறியா வெச்சு, சைன்(தீ1−தீ2)ன்னு எழுதியிருப்பாங்க. நாம கிழக்கை நேர்க்குறியாக் கொடுக்கறோம். அதனால இப்படி மாத்தணும் (அ அட்சரேகை, தீ தீர்க்கரேகை; 1 புறப்படற இடம், 2 போய்ச் சேர்ற இடம்):

கோர்ஸ் = அடான்2( சைன்(தீ2−தீ1)×காஸ்(அ2), காஸ்(அ1)×சைன்(அ2) − சைன்(அ1)×காஸ்(அ2)×காஸ்(தீ2−தீ1) )

தூரம் ஏன் தப்பலன்னா, அதுல தீர்க்கரேகை வித்தியாசம் காஸ் வழியாவோ, சைனோட வர்க்கமாவோதான் வரும். ரெண்டுக்கும் குறி தெரியாது. இந்தப் பிழை ஒளிஞ்சிருக்கறதே இதனாலதான்.

நேரமும் இதே கோளாறுதான். 270லேருந்து 213 போனா 57 பாகை, 147 போனா 123. சைன் ரெண்டுக்கும் ஒண்ணு, அதான் ட்ரிஃப்ட் அதே 9. காஸ் மட்டும் குறி மாறும். 20 நாட்ல கிட்டத்தட்ட 11 நாட் எதிர்காற்றா இருக்க வேண்டியது உங்க ஸ்கிரிப்ட்ல பின்காற்றா ஆயிடுச்சு. 108.7 − 10.9 = 97.8 வரணும், உங்களுக்கு 119.6. 18 நிமிஷம் குறையுது, அதாவது 9.6 லிட்டர். எரிபொருள் கணக்குல இது சும்மா விடற அளவு இல்ல.

ஷெல்காரன்:
கோயம்புத்தூர் விஷயத்துக்கு வர்றேன். பாஷ் கணக்குல சுழியத்துல ஆரம்பிச்சா அது ஆக்டல், அதாவது எட்டடிமான எண். ஆக்டல்ல 8, 9 கிடையாது, அதனால 080, 078 ரெண்டும் பிழை. 077 செல்லுபடியாகற ஆக்டல், 7×8+7 = 63. கோவையைத் தூக்கி அரபிக்கடல்ல வெச்சுட்டு வாயே திறக்காது. பிழை காட்டற எண்ணை விட காட்டாத எண்தான் ஆபத்து.

கையால சுழியம் எடுக்கற வேலை வேணாம், நிமிஷம் 08, விநாடி 09ன்னு வந்தா திரும்ப அதே கதை. பாகை, நிமிஷம், விநாடி மூணுக்கும் முன்னாடி 10# (பத்தடிமான எண்ணுன்னு அர்த்தம்) சேருங்க. $((10#077)) கொடுத்தா 77 வரும். இதை விட நல்லது, பாகை, நிமிஷம், விநாடியா வெட்டற வேலையையும் ஆக் கிட்டயே விட்டுடறது. வெளியிலேருந்து வர்ற 077ஐ அது 77ன்னுதான் படிக்கும். சரியா வந்தா கோவை சுமார் 218 நாட்டிகல் மைல்.

அப்புறம், 12°59'39"ஐ யாராவது 12.5939ன்னு டைப் பண்ணினா 24 நாட்டிகல் மைல் தெற்கே போயிடும். சரியான தசமம் 12.9942. நிமிஷமோ விநாடியோ 60ஐத் தொட்டா ஸ்கிரிப்ட் நிக்கற மாதிரி ஒரு சோதனை போட்டு வைங்க.

மீனம்பாக்கம்_25:
நன்றி அண்ணா. கோவை 218 வந்துடுச்சு. குறியை மாத்தினதும் திருச்சிக்கு −147 வருது. 360ஆல மாடுலோ (வகுத்த மீதி) எடுத்தும் மைனஸ் போகல. வேரியேஷனை (புவியியல், அதாவது ட்ரூ வடக்குக்கும் காந்த, அதாவது மேக்னடிக் வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) எந்த இடத்துல சேர்க்கணும்?

திரிகோணம்:
ஆக்ல மைனஸ் எண்ணுக்கு மாடுலோ எடுத்தா விடையும் மைனஸ்தான். முதல்ல 360 கூட்டிட்டு மாடுலோ எடுங்க, 213 வந்துடும். விடை 0 வந்தா 360ன்னு அச்சிடுங்க.

வேரியேஷன் கடைசியில. மேல்காற்று முன்னறிவிப்பு ட்ரூ வடக்குலதான் வரும், அதனால காற்று முக்கோணக் கணக்கை முழுசா ட்ரூவுல முடிச்சுட்டு, ஹெட்டிங்குக்கு மட்டும் சேர்க்கணும். மேற்கு வேரியேஷன்னா கூட்டல். சென்னைப் பக்கம் அது மேற்கே 2 பாகைக்குள்ளதான், சார்ட்ல இருக்கற எண்ணையே போடுங்க. டவர் வாயால சொல்ற காற்று மேக்னடிக், அதை இந்தக் கணக்குல கலக்காதீங்க.

ஷெல்காரன்:
சரிபார்க்க ப்ராஜ் (PROJ, வரைபடக் கணக்கு மென்பொருள்) தொகுப்போட வர்ற ஜியோட் (geod) கட்டளை போதும். பூமியோட நீள்வட்ட வடிவம் டபிள்யூஜிஎஸ்84, தலைகீழ்க் கணக்கு (ரெண்டு இடத்தைக் கொடுத்தா தூரமும் திசையும்), அலகு நாட்டிகல் மைல்னு கொடுத்து, அட்சரேகையை முதல்ல எழுதுங்க. அது 158.5 பக்கம் காட்டும். உங்க 159 பூமியைச் சரியான கோளமா வெச்ச கணக்கு, அந்த அரை மைலுக்காக ஸ்கிரிப்டைக் கிளறாதீங்க.

சோதனைக்கு நேர் வடக்கு–தெற்கு ரூட் எடுத்தா குறிப் பிழை தெரியாது. சென்னை–பெங்களூரு போட்டுப் பாருங்க, 275 வரணும். 85 வந்தா குறி இன்னும் தலைகீழாத்தான் இருக்கு.