பாரீசில் கவானிக்கு முதல் மூணு சீசன் கோல் ஏன் குறைஞ்சது? நம்ம பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

நீரோடி நம்பர் 9:

நீரோடி, வள்ளவிளைப் பக்கம் 14, 15 வயசுப் பிள்ளைகளுக்கு சாயங்காலம் கடற்கரை மணல்ல கால்பந்து பயிற்சி நடக்குது. சென்டர் ஃபார்வர்டுக்கு யாரைப் பாக்கச் சொல்லணும்னு பேச்சு வந்தா பாதிப் பேர் சுவாரெஸ், பாதிப் பேர் கவானி. ரெண்டு பேரும் உருகுவேயில சால்டோ ஊர்க்காரங்க, 1987ல மூணு வார இடைவெளியில பிறந்தவங்க. சுவாரெஸ் பந்தோட நெருக்கத்துக்குள்ள புகுந்து செய்யிறதைப் பாத்துக் கத்துக்க முடியாது, அது பிறவிச் சொத்து. கவானி பந்து இல்லாதப்ப ஓடுறதைக் கத்துக் கொடுக்கலாம்னு எனக்குத் தோணுது.

ஆனா ஒரு சந்தேகம். இத்தாலி கிளப் நாப்பொலியில மூணு சீசன், எல்லாப் போட்டியும் சேர்த்து 138 மேட்ச், 104 கோல். 2013ல பாரீஸ் சான் ஜெர்மேன் சுமார் 64 மில்லியன் யூரோ கொடுத்து எடுத்தாங்க. அங்க லீக் கோல் 16, 18, 19னு போச்சு. நாலாவது சீசன்ல 35. ஆளும் அதே, லீக்கும் அதே. என்ன மாறிச்சு?

தூத்தூர் கரை:

நிக்கிற இடம் மாறிச்சு அண்ணே, வேற ஒண்ணும் இல்ல.

நாப்பொலியில கோச் மட்சாரி பின்னால மூணு பேரை வச்சு ஆடினார். முன்னால கவானி ஒத்தை ஆள். அவருக்குக் கொஞ்சம் பின்னால ஹம்ஷிக்கும், முதல் ரெண்டு சீசன் லவேஸியும். அவங்க பந்தை எடுத்ததும் கவானிக்கு முன்னால திறந்த வெளி இருக்கும். 26, 23, 29னு மூணு சீசன் லீக் கோல் வந்தது அப்படித்தான். 2012-13ல இத்தாலியில அவர்தான் டாப் ஸ்கோரர்.

பாரீசில நடு இடம் இன்னொரு ஃபார்வர்டு இப்ராஹிமோவிச்சோடது. கோச் பிளாங்க் 4-3-3 (முன்னால மூணு பேர்) ஆடினதால கவானியை விங்குக்கு, அதாவது ஓரத்துக்குத் தள்ளினார். எதிராளி சைடு பேக் (ஓர டிஃபெண்டர்) மேல ஏறினா இவர் கூடவே பின்னால ஓடி மறிக்கணும். பந்து திரும்பக் கிடைக்கும்போது கோலுக்கு 50, 60 மீட்டர் தூரத்துல இருப்பார். அங்கிருந்து பாக்ஸ் வரை ஓடிச் சேர்ந்து அடிக்கும்போது காலும் மூச்சும் நிதானமா இருக்காது. அந்த வருஷங்கள்ல கோலி மட்டும் நிக்கிற எத்தனையோ வாய்ப்பை விட்டதுக்கு இதுவும் ஒரு காரணம். 2015-16ல இப்ராஹிமோவிச் லீக்ல மட்டும் 38 அடிச்சார், கவானி 19.

2016ல இப்ராஹிமோவிச் மான்செஸ்டர் போனார், எமெரி கோச்சா வந்து கவானியை நடுவுல நிப்பாட்டினார். 36 மேட்ச்ல 35 கோல். அப்ப வயசு முப்பதை நெருங்கிருச்சு, அதனால வயசைச் சாக்கு சொல்லவே முடியாது. 2018 ஜனவரியில கிளப்புக்காக இப்ராஹிமோவிச் அடிச்ச 156 கோலைத் தாண்டினார். கடைசியில 301 மேட்ச்ல 200 கோலோட கிளப்பை விட்டுப் போனார்.

விங்குல நிக்க வச்ச மூணு வருஷமும் மனுஷன் பின்னால ஓடுறதைக் குறைக்கவே இல்ல. பிள்ளைகள் மொதல்ல கவனிக்க வேண்டியது அதைத்தான்.

பொழியூர் கோலி:

தூத்தூர் கரை சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேர்க்கணும். இப்ராஹிமோவிச் போனதும் பெனால்டியும் கவானிக்கு வந்திருச்சு. அந்த 35ஐ முன்னால உள்ள 19ஓட அப்படியே ஒப்பிட்டா கணக்கு கொஞ்சம் ஏமாத்தும். பெனால்டியைக் கழிச்சாலும் ஏற்றம் ஏற்றம்தான், ஆனா இரட்டிப்புன்னு சொல்லக் கூடாது.

மார்த்தாண்டன்துறை பழைய ஃபார்வர்டு:

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரே ஒரு ஓட்டம் போதும், கிட்டப் போஸ்ட் ஓட்டம், அதாவது பந்து வர்ற பக்கத்துப் போஸ்டுக்குப் பாயிறது. கவானியோட சாப்பாடே அதுதான்.

2020 நவம்பர் 29, சவுத்தாம்ப்டன் மேட்ச் பாருங்க. மான்செஸ்டர் யுனைடெட் 0-2ல பின்தங்கி இருக்கும்போது இடைவேளைக்கு அப்புறம் கவானி இறங்குறார். ஒண்ணை எடுத்துக் கொடுத்தார், ரெண்டை ஹெட் பண்ணினார், 3-2 ஜெயிச்சாங்க. 92வது நிமிஷத்துல இடது பக்கத்துல இருந்து ராஷ்ஃபோர்டு கிராஸ் (ஓரத்துல இருந்து கோல் முன்னால அடிக்கிற பந்து) போடுறார். பந்தை விட்டுட்டு கவானியை மட்டும் பாக்கச் சொல்லுங்க. பேக்கோட கண்ணுக்கு முன்னால அவர் நிக்கவே மாட்டார், தோளுக்குப் பின்னால நிப்பார். பேக் பந்தைப் பாத்தா ஆளைப் பாக்க முடியாது, ஆளைப் பாத்தா பந்தைப் பாக்க முடியாது. கிராஸ் கிளம்புற நேரத்துல ஒரே பாய்ச்சல்ல அவனுக்கு முன்னால வந்து தலை வைப்பார்.

மணல்ல இதைப் பழக்க: 11 மீட்டர்ல பெனால்டி புள்ளி, கோலுக்கு முன்னால 5.5 மீட்டர்ல சின்னப் பெட்டிக் கோடு, ரெண்டையும் கம்பால கீறிக்குங்க. பையன் பெனால்டி புள்ளி உயரத்துல, தூரப் போஸ்டுக்கு நேரா நிக்கட்டும். அங்கிருந்து மெதுவா ரெண்டு மூணு அடி தூரப் போஸ்ட் பக்கமே போகட்டும், பேக்கும் கூட நகர்வான். விங்கர் கிராஸ் அடிக்கத் தலை குனியிற நொடியில சட்டுனு திரும்பி, சின்னப் பெட்டியோட கிட்ட மூலைக்கு அஞ்சாறு வேக அடி. மொதல் வாரம் கிராஸ் வேண்டாம், பந்தைக் கையால எறியுங்க. இந்த வயசுல தலையால அடிக்கிறது ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல வேண்டாம், மிச்சத்தைக் காலால முடிக்கட்டும்.

பெரும்பாலும் தப்பு நடக்குறது சீக்கிரம் ஓடுறதுல. பந்து வர்றதுக்கு முன்னாலயே போய் நின்னா பேக்கும் வந்து ஒட்டிக்குவான், நின்ன இடத்துல இருந்து அடிக்கிற ஹெட்ல பலமும் இருக்காது. வேகத்தைக் கூட்டச் சொல்லாதீங்க, முதல் மூணு அடியை இன்னும் மெதுவாக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, கழுத்தை வீசி அடிக்கிறது. கிட்டப் போஸ்ட்ல பந்துக்கு அதோட வேகமே போதும். கண்ணைத் திறந்து நெத்தியைக் கோல் பக்கம் சாய்ச்சுக் காட்டினாப் போதும்.

தூத்தூர் கரை:

அதோட மணல் செய்யிற வேலையையும் மறக்கக் கூடாது. காய்ஞ்ச மணல்ல பாதம் புதையும், திரும்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அந்தக் கணக்கு உடம்புல ஊறின பையன் புல் மைதானத்துல இறங்கினா எப்பவும் ஒரு அடி சீக்கிரமாவே போய் நின்னுருவான். மேட்சுக்கு முந்தின வாரமாவது கெட்டித் தரையில பழக்குங்க. கோல் கோட்டுப் பக்கத்துல இருந்து பின்னால தரையோட உருட்டித் தர்ற கட்பேக் பந்தும் காய்ஞ்ச மணல்ல வராது. அலை வத்துற நேரம் ஈர மணல்ல அதைச் செய்யலாம்.

செவன்ஸ் (ஏழு பேர் ஆட்டம்) ஆடிப் பழகின பிள்ளைகள்னா இன்னொரு சிக்கல். அங்க ஆஃப்சைடு பாக்க மாட்டாங்க, அதனால கோலி பக்கத்துலயே குடியிருப்பாங்க. பதினோரு பேர் ஆட்டத்துல ஓர நடுவர் கொடி தூக்கிக்கிட்டே இருப்பார். பயிற்சியில கடைசி பேக்குக்குப் பின்னால நின்னு பந்து வாங்கினா கோல் கிடையாதுன்னு கண்டிப்பா வைங்க.

நீரோடி நம்பர் 9:

மிக்க நன்றி. இன்னொரு விஷயம். ஒரு பையனோட அப்பா, 18 வயசுக்குள்ள பெரிய கிளப்புக்குப் போகலைன்னா அவ்வளவுதான்னு நினைக்கிறார். கவானி எப்படிப் போனார்?

பொழியூர் கோலி:

மொண்டேவிடியோவுல டனூபியோ கிளப். 2007 ஜனவரியில பராகுவேயில நடந்த தென் அமெரிக்க 20 வயசுக்குட்பட்டோர் போட்டியில 7 கோல் அடிச்சு டாப் ஸ்கோரர், அதே மாசம் பலேர்மோ எடுத்தது. 20 வயசு ஆக ஒரு மாசம் கூட இல்ல. பலேர்மோவுல மூணரை சீசன் இருந்து லீக்ல 109 மேட்ச் ஆடி 34 கோல்தான். யாரும் அவரை அப்ப உலகத்தரம்னு சொல்லல. ஆனா வாராவாரம் இத்தாலி டிஃபெண்டர்களோட மோதினார். நாப்பொலிக்கு வந்தப்ப 23 வயசு. அந்த அப்பாகிட்ட பலேர்மோ லீக் கோல் 34, நாப்பொலி லீக் கோல் 78, ரெண்டையும் பக்கத்துல எழுதிக் காட்டுங்க.

மார்த்தாண்டன்துறை பழைய ஃபார்வர்டு:

பிள்ளைகளுக்கு முதல்ல போட்டுக் காட்ட 2018 ஜூன் 30, சோச்சி, உலகக் கோப்பையில உருகுவே-போர்ச்சுகல் மேட்ச், 7வது நிமிஷம். கவானி வலது பக்கத்துல இருந்து மைதானத்தைத் தாண்டி இடது ஓரத்துல இருக்குற சுவாரெஸுக்கு அடிக்கிறார். அடிச்சிட்டு நிக்கல, அதே மூச்சுல பாக்ஸுக்கு ஓட்டம். சுவாரெஸ் உள்ள வெட்டி ஓங்கி கிராஸ் போடுறார், போர்ச்சுகல்காரங்க எல்லாக் கண்ணும் பந்து மேல. தூரப் போஸ்ட்ல கவானி. சால்டோக்காரங்க ரெண்டு பேருக்குள்ளேயே முடிஞ்ச கோல். சுவாரெஸ் கிராஸ் அடிக்கக் காலை ஓங்குற இடத்துல படத்தை நிறுத்தி, கவானி எங்கன்னு பிள்ளைகள்கிட்ட கேளுங்க. அவங்களா கண்டுபிடிக்கிற வரைக்கும் மேல ஓட்டாதீங்க.