ஒட்டுசுட்டான் பக்கம் 4ஜி: லொக் பீரியோடிக் அன்ரனாவின் வலுவைக் கூட்ட என்ன வழி?

குளக்கட்டு:
வணக்கம். வீடு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டுக்கரை. ரவருக்கும் எங்களுக்கும் இடையில் பாலையும் வீரையும் நெருக்கமாக நிற்கின்றன. 700 முதல் 2700 மெகாஹேர்ட்ஸ் வரை இழுக்கும் என்று வாங்கிய லொக் பீரியோடிக் அன்ரனாவை (ஒரு தண்டில் நீளம் குறைந்துகொண்டே போகும் கோல்கள் வரிசையாக உள்ளது) 20 அடி ஜிஐ பைப்பில், கோல்கள் நிமிர்ந்து நிற்கக் கட்டியிருக்கிறேன். வயர் 10 மீற்றர் ஆர்ஜி58. ரவுட்டர் 1800 இல் பிடிக்கிறது. ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் வலு, பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் நல்லது) -114, எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு மேலே, கூடினால் நல்லது) 1. மகளின் சூம் வகுப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. பின்பக்கம் இன்னும் நாலைந்து அலுமினியக் கோல் சேர்த்தால் கூடுமா?

கறள்பைப்:
கூடாது அண்ணை. இந்த வகையில் எல்லாக் கோலும் ஒரே நேரத்தில் உழைப்பதில்லை. 1800க்கு அரை அலைநீளம் 8.3 சென்ரிமீற்றர், அந்த நீளத்துக்குக் கிட்டவுள்ள சில கோல்களுக்குத்தான் வேலை. பின்னாலுள்ள நீளக் கோல்கள் 700, 800க்கு. நீங்கள் சேர்ப்பது அதற்கும் கீழான அலைவரிசைக்குப் போய்விடும்.

முதலில் வயரைப் பாருங்கள். 10 மீற்றர் ஆர்ஜி58 இந்த அலைவரிசையில் 7 டெசிபல் (சிக்னல் கூடிக்குறைவதை அளக்கும் அலகு) அளவில் தின்னும். அன்ரனா கூட்டித் தருவதே 8 டெசிபல் என்று வையுங்கள், மிச்சம் என்ன?

வயர்மன்:
பைப்பை 30 அடிக்கு ஏற்றிப் பாருங்கள். மாரியில் ஈர இலை இன்னும் மறைக்கும்.

கறள்பைப்:
உயரம் நல்லதுதான். ஆனால் இதே வயரை நீட்டினால் கிடைப்பதை அதுவே விழுங்கிவிடும். எல்எம்ஆர்400 என்ற தடித்த வயர் என்றால் 10 மீற்றருக்கு 2 டெசிபல்தான் போகும், விலைதான் கடி. காசில்லாவிட்டால் ரவுட்டரை மேலே கொண்டுபோய் 2 மீற்றர் வயரில் கொழுவுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மட்டும் வேண்டாம், சித்திரை வெயிலில் வெந்துவிடும்.

பிறகு, 4ஜி ரவர்கள் பெரும்பாலும் 45 பாகைச் சாய்வில்தான் அனுப்புகின்றன. கோல்களையும் அப்படிச் சரித்துக் கட்டுங்கள். இப்போது பைப்பும் கோலும் ஒரே திசையில் நிற்பதால் பைப்பே அலையைக் குழப்பும். அன்ரனாவின் தண்டைப் பைப்பில் பூட்டும்போது நடுவில் பிடிக்காமல் பின் நுனியில் பிடியுங்கள்.

குளக்கட்டு:
ஓட்டுக் கூரைதான், ரவுட்டரை முகட்டடிக்கு ஏற்றிவிட்டேன். சரித்தும் கட்டியாயிற்று. இப்போது -107, எஸ்ஐஎன்ஆர் 8. வகுப்பு அறுவதில்லை. கழற்றும்போது சொக்கற்றுக்குள் பச்சை பிடித்திருந்தது, அதையும் மாற்றினேன். மழைக்கு என்ன சுற்றலாம்?

வயர்மன்:
தன்பாட்டில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் ரேப்பை இழுத்துச் சுற்றி, வெயில் படாமல் மேலே கறுப்பு ரேப். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், தண்ணி அங்கேயே சொட்டிவிடும்.