அரசு லேப்டாப்புல டிவி கேம்: எமுலேட்டரா, பழைய பெட்டியா?

குடந்தைக்காரன்:
2004 மகாமகத்துல, குளத்துக்குப் பக்கத்துல போட்டிருந்த கடையில அப்பா ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்தார். 9999 இன் 1 கேசட். நம்பர்தான் 9999, ஆட்டம் முப்பதுகூட தேறாது. அது செத்து வருஷக்கணக்காச்சு. இப்ப பையன் கேட்டானேன்னு, தம்பிக்கு பிளஸ் டூவுல கிடைச்ச அரசு லேப்டாப்பைப் பரண்லேர்ந்து எடுத்து (ரேம் 2 ஜிபி) ரெட்ரோஆர்ச்னு ஒரு எமுலேட்டர் (பழைய கேம் பெட்டி மாதிரியே ஆட்டத்தை ஓட்டுற மென்பொருள்) போட்டு, மாரியோவை ஓட்டிட்டேன். ஆனா என்னமோ ஒட்டல. எல்லாம் வேகமா ஓடுது, பாட்டுக்கூட அவசர அவசரமா முடியுது. முதல் ஸ்டேஜ்லயே குழியில விழறேன். செட்டிங் தப்பா, இல்ல எனக்கு வயசாயிடுச்சா?

கடைமடை:
எமுலேட்டர்னாலே அப்படித்தான் தம்பி. பட்டனை மேட்டூர்ல அழுத்துவீங்க, மாரியோ வேதாரண்யத்துல குதிப்பான். 2006லேர்ந்து கொடுத்த இலவச டிவி யார் வீட்டு மூலையிலயாவது கிடக்கும், அதை வாங்குங்க. கஜாவுல எங்க வீட்டு ஓடெல்லாம் பறந்துச்சு. அந்த டிவி இன்னிக்கும் ஓடுது. டியூப் டிவியில தாமதம்ங்கிற பேச்சே கிடையாது.

தலையாட்டிபொம்மை:
கடைமடை அண்ணே, அவர் கேட்டது வேகம். நீங்க சொல்றது தாமதம். ரெண்டையும் ஏன் குழப்புறீங்க?

குடந்தை, உங்களுக்கு வயசாகல. மாரியோ 1985ல ஜப்பானுக்குப் பண்ண ஆட்டம், நொடிக்கு 60 படம் கணக்கு. நம்ம ஊர் டிவி PAL-ங்கிற முறை, நொடிக்கு 50தான். இங்க வித்த, நிண்டெண்டோ பெட்டியைக் காப்பியடிச்ச நகல் பெட்டியெல்லாம் அந்த 50க்குத் தகுந்த மாதிரி ஓடும். அதாவது சின்ன வயசுல நாம ஆடினதே ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடின மாரியோ. உங்க கட்டைவிரல் பழகினது அந்த வேகத்துக்கு.

எஃப்சிஇயூஎம்எம் கோர் (ரெட்ரோஆர்ச்சுக்குள்ள அந்தப் பெட்டியா நடிக்கிற பகுதி) போடுங்க, 2 ஜிபிக்கு அது போதும். ஆட்டம் ஓடுறப்ப குயிக் மெனு, கோர் ஆப்ஷன்ஸ், அதுல ரீஜன்னு இருக்கும். ஆட்டோவை எடுத்துட்டு டெண்டி வைங்க. டெண்டிங்கிறது ரஷ்யாவுல 1992லேர்ந்து வித்த நகல் பெட்டியோட பேர். நம்ம பெட்டிக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வச்சுக்குங்க.

கடைமடை:
சரி, 50 வச்சாச்சு. லேப்டாப் திரை 60 ஆச்சே? அஞ்சு படத்துக்கு ஒரு படம் ரெண்டு தடவை வரும். மாரியோ நடக்கிறப்ப பின்னாடி மேகத்தைப் பாருங்க, வரப்புல மாட்டுவண்டி போற மாதிரி குலுங்கும். அப்புறம் பெட்டியோட வந்த அந்தத் துப்பாக்கி? வாத்து சுடுற ஆட்டத்துல விசையை அழுத்தினா திரை ஒரு கணம் கறுக்கும், வாத்து இருக்கிற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில இருக்கிற கண்ணு அந்த வெளிச்சத்தைத்தான் பார்க்குது. எல்இடி டிவியில அந்த வெளிச்சம் நேரத்துக்கு வந்து சேராது. எவ்வளவு குறி வச்சாலும் நாய் சிரிக்கும்.

தலையாட்டிபொம்மை:
குலுங்கல் உண்மைதான், ஒத்துக்கிறேன். துப்பாக்கிக்கு மவுஸ் இருக்கு. மவுஸ்ல சுடுறதுல கெத்து இல்லதான், ஆனா வாத்து விழும். தாமதத்துக்கும் வழி இருக்கு: பெரிய டிவியில எச்டிஎம்ஐ போட்டா டிவியில கேம் மோடைப் போடுங்க, பாதித் தொல்லை அங்கதான். ரெட்ரோஆர்ச்சுல ரன்-அஹெட்னு (அடுத்த படத்தை முன்கூட்டியே கணக்குப் போடுற செட்டிங்) ஒண்ணும் இருக்கு, ஆனா ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு வேலை செய்யும், பழைய பிராசஸர் மூச்சு வாங்கினா அணைச்சிடுங்க. ஒண்ணு கேக்கிறேன், உங்க டிவியில பிக்சர் டியூப் போயிட்டா எங்க போய் மாத்துவீங்க?

உப்பளம்:
எல்லாம் சரி, ரோம் (கேசட்டுல இருக்கிற ஆட்டத்தோட நகல் ஃபைல்) எங்கேர்ந்து வந்துச்சு? எமுலேட்டர் எழுதுறது தப்பில்லைன்னு 2000லயே சோனி, கனெக்டிக்ஸ் வழக்குல அமெரிக்க நீதிமன்றம் சொல்லியாச்சு. ஆட்டம் வேற கதை. மாரியோ இன்னும் காப்புரிமையிலதான் இருக்கு. இங்க யாரும் லிங்க் போட வேணாம்.

கடைமடை:
அதைத்தான் நானும் சொல்றேன். அசல் கேசட்டுன்னா நியாயம்.

தலையாட்டிபொம்மை:
அண்ணே, 9999 இன் 1 அசலா? 😂

கடைமடை:
அது வேற விஷயம்.

குடந்தைக்காரன்:
டெண்டி போட்டேன். நம்ப மாட்டீங்க, உக்காந்த உடனே கை தானா ஓடுச்சு. மூணு ஸ்டேஜ் விழாம போனேன். மேகம் குலுங்குது, கடைமடை அண்ணன் சொன்னப்புறம்தான் கண்ணுல படுது, சொல்லாமலே இருந்திருக்கலாம். நான் காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள பையன், "ஏம்ப்பா ஸ்லோவா ஆக்கி வச்சிருக்க?"ன்னு திரும்ப ஆட்டோவுக்கு மாத்திட்டான்.

ரோம் விஷயத்துல உப்பளம் சார் சொன்னது புரியுது, லிங்க் எதுவும் கேக்க மாட்டேன்.

கடைமடை அண்ணே, உங்ககிட்ட அந்தத் துப்பாக்கி இன்னும் வேலை செய்யுதா? அடுத்த மாசம் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கல்யாணம், அப்படியே பையனையும் கூட்டிட்டு வந்துடுவேன்.