ஜிப்சி எஞ்சினுக்குப் புது இன்டேக் மேனிஃபோல்டு: ரன்னர் நீளம், பைப், வெல்டிங்

தண்டையார்பேட்டை_பிஸ்டன்:
வணக்கம். மாருதி ஜிப்சியோட ஜி13பிபி எஞ்சின் (1298 சிசி, எம்பிஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்டர் வெச்சது) நானே கட்டுற ரெண்டு சீட்டர் ஹோம்பில்ட் விமானத்துக்காக டெஸ்ட் ஸ்டாண்டுல ஏறியிருக்கு. டிஜிசிஏ (விமானத் துறை) அனுமதி விஷயம் தனி, அத இங்க இழுக்க வேணாம். ரிடக்‌ஷன் டிரைவ் (ப்ரொப்பெல்லரை எஞ்சினை விட மெதுவா சுத்த வைக்கிறது) இருக்கு, எஞ்சின் 5000 ஆர்பிஎம்ல ஓடும். ஒரிஜினல் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காத்து கொண்டுபோற குழாய்த் தொகுதி) கவ்லிங்கை, அதாவது எஞ்சின் மேல்மூடியை, தாண்டி நிக்குது, புதுசா செஞ்சே ஆகணும். ரன்னர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் போற பைப்) எவ்வளவு நீளம், பைப் என்ன சைஸ்? மண்ணடியில 6063 அலுமினியம் சுலபமா கிடைக்குது, அது போதுமா? வெயிட் குறைக்க பிளீனத்த (ரன்னர்கள் கிளம்புற காத்துப் பெட்டி) மட்டும் 3டி பிரிண்ட் பண்ணலாமா?

கொருக்குப்பேட்டை_லேத்:
நீளத்துல ஆரம்பிப்போம். வால்வு மூடினதும் கிளம்புற அழுத்த அலை பிளீனத்துல முட்டித் திரும்பும். அடுத்த தடவை வால்வு திறந்திருக்கும்போது அது வந்து சேரணும். கேம் டியூரேஷன் (வால்வு திறந்திருக்கிற அளவு) 240 டிகிரின்னு வெச்சா, 5000 ஆர்பிஎம்ல நாலாவது திரும்பலுக்கு சுமார் 40 செ.மீ. வருது. மூணாவதுக்கு 53, பலம் கூடுதல், ஆனா கவ்லிங்ல அடங்காது. இந்த 40 வால்வுலேர்ந்து பெல்மவுத் (பிளீனத்துக்குள்ள ரன்னரோட விரிஞ்ச முனை) வாய் வரைக்கும். ஹெட்டுக்குள்ள இருக்கிற போர்ட்டும் இதுல சேர்த்தி. மெல்லிசு கம்பிய வளைச்சு உள்ள விட்டு அளந்து கழிங்க. அதக் கழிக்காம வெட்டித்தான் பல பேர் பைப்பை வீணடிக்கிறாங்க.

பைப் 38 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. கனம், உள்ள 34. 5000-ல சராசரி பிஸ்டன் வேகம் வினாடிக்கு 12.6 மீட்டர், 34-ல காத்து கிட்டத்தட்ட 60 மீட்டர் வேகத்துல போகும். உள்விட்டம் 40 ஆக்கினா 43-க்கு விழுந்துடும். பெரிய பைப் ரேஸ் கார்காரங்க ஆசை, ப்ரொப்பெல்லருக்கு வேணாம்.

பிளீனம் ஒண்ணரைலேர்ந்து ரெண்டு லிட்டர். ரன்னர் வாய்ல 8-9 மி.மீ. ரேடியஸ் உருட்டி விடுங்க, எதிர்ச்சுவர் ஒரு பைப் விட்டமாவது தள்ளி இருக்கணும். மேப் சென்சர் (மேனிஃபோல்டு அழுத்தம் அளக்கிறது) டியூபை பிளீனத்துலேர்ந்து எடுங்க. ஒரு ரன்னர்லேர்ந்து எடுத்தா ரீடிங் துடிச்சுக்கிட்டே இருக்கும்.

இன்னொண்ணு: ஒரிஜினல் மேனிஃபோல்டை இன்ஜெக்டருக்கு மேல வெட்டி, ஃபிளாஞ்சும் (ஹெட்டோட போல்ட் பண்ற தகடு) இன்ஜெக்டர் சீட்டும் இருக்கிற அடிப்பகுதிய வெச்சுக்கலாம். ஸ்பிரே கோணம் மாறாது. வெட்டுறதுக்கு முன்னாடி கூலன்ட் வழி எங்க ஓடுதுன்னு பாத்துடுங்க.

ஆர்கான்_திருவொற்றியூர்:
6063 போதும், வெல்டிங்குக்கு 4043 ஃபில்லர் கம்பி போடுங்க. 5356 வேணாம். அதுல மெக்னீசியம் 3 சதவீதத்துக்கு மேல, 65 டிகிரிக்கு மேல தொடர்ந்து சூடுபட்டா நாளாக நாளாக விரிசல் விடும்.

ஃபிளாஞ்ச் புதுசா செய்யறதா இருந்தா 12 மி.மீ. தகடு. 25 மி.மீ. இரும்புத் தகட்டுல எல்லா போல்ட்டும் இறுக்கி வெச்சு, ஒரு ரன்னர் விட்டு ஒரு ரன்னரா கொஞ்சம் கொஞ்சமா வெல்ட் பண்ணணும். நல்லா ஆறின பிறகுதான் கழட்டணும். என்ன பண்ணினாலும் கொஞ்சம் வளையும், அதனால மில்லிங்ல ஒரு கட் எடுத்துட்டு, நேர் பட்டை வெச்சுப் பாருங்க, 0.05 மி.மீ. ஃபீலர் தகடு எங்கயும் நுழையக் கூடாது.

கடலோரப் பட்டறைன்னா ரெண்டு தொல்லை. மதியம் கடல்காத்து வந்ததும் ஆர்கானைக் கலைச்சுடும், ஷட்டரை இறக்கிட்டு அடிக்கச் சொல்லுங்க. ஈரம் ஏறின பைப்புல வெல்டு பூரா ஊசி ஓட்டை விழும். அசிட்டோன்ல துடைச்சு, அலுமினியத்துக்குன்னே வெச்ச எஸ்எஸ் பிரஷ்ஷால தேய்ச்சு, அன்னைக்கே வெல்ட். பழைய வார்ப்புல ஊறின எண்ணெயை முதல்ல சூடு காட்டி வெளியேத்தணும்.

காசிமேடு_காத்தாடி:
3டி பிரிண்ட் வேணாம் பாஸ். 2025 மார்ச்ல இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் ஏர்போர்ட்ல ஒரு கோசி மார்க் 4 ஹோம்பில்ட் விமானம் இறங்கும்போது எஞ்சின் பவர் போச்சு. காரணம், பிரிண்ட் பண்ணின இன்டேக் எல்போ சூட்டுல இளகி மடங்கிடுச்சு. கார்பன் ஃபைபர் கலந்த ஏபிஎஸ், 105 டிகிரி தாங்கும்னு நம்பிப் போட்டது. சோதிச்சா 54 டிகிரியிலயே இளகுது. நம்ம மே மாச வெயில்ல எஞ்சினை ஆஃப் பண்ணினதும் கவ்லிங்குக்குள்ள சூடு எங்க போகும்னு யோசிச்சுக்கோங்க.

பிளீனம் உள்பக்கம் ரிவெட், ஸ்க்ரூ, நட்டு எதுவும் கூடாது. கழண்டா நேரா சிலிண்டருக்குத்தான் போகும். வெல்டு முடிஞ்சதும் உள்ளுக்குள்ள பிசிறெடுத்து, துணி இழுத்து, போரோஸ்கோப் (குட்டிக் குழாய் கேமரா) விட்டுப் பாருங்க.

த்ராட்டில் பாடி எடைய எஞ்சின் பிளாக்கிலேர்ந்து பிராக்கெட் போட்டுத் தாங்கணும், ஏர்ஃப்ரேம்லேர்ந்து இல்ல. எஞ்சின் ரப்பர்ல ஆடும், ஃப்ரேம் ஆடாது. நடுவுல மேனிஃபோல்டு வெல்டு மாட்டிக்கிட்டு விரிசல் விடும்.

தண்டையார்பேட்டை_பிஸ்டன்:
நன்றி சார்ஸ். பிரிண்ட் யோசனையக் கைவிட்டாச்சு. ரன்னருக்கு நடுவுல சிலிகான் ஹோஸ் போடலாமா? லீக் எப்படிப் பாக்குறது?

கொருக்குப்பேட்டை_லேத்:
இன்ஜெக்டருக்கு மேல போடலாம். பெட்ரோல் நனையுற இடத்துல சாதா சிலிகான் ஆகாது. பைப் முனையில பீட் (சுத்திவர சின்ன மேடு) உருட்டாம கிளிப் போட்டா நழுவும்.

லீக்குக்கு: வாய் எல்லாத்தையும் தகடும் ரப்பரும் வெச்சு அடைச்சு, 0.3 பார் காத்து விட்டு, சோப்பு நுரை தடவுங்க. எஞ்சின் சூடாகி ஆறின பிறகு இன்னொரு தடவை. ஃபிளாஞ்ச்கிட்ட ஒரே ரன்னர் கசிஞ்சா அந்த சிலிண்டர் மட்டும் லீன் ஆகும் (காத்து கூடி பெட்ரோல் விகிதம் குறையும்). ஐடில்ல லேசா தடுமாறும், வேகம் ஏத்தினா சத்தத்துல தெரியாது. அதனால நாலு எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனி ஈஜிடி (எக்ஸாஸ்ட் சூடு அளக்கிற) ப்ரோப் போட்டுட்டு ஸ்டாண்டுல ஓட்டுங்க.